அடுத்தவர் மூச்சு

2021 மே மாதம் திருமுல்லைவாயலில் எங்கள் தெருவில் ஒருவர் மூச்சுக்கு ஒருவர் பயந்தோம். பால் போடுகிற பையன் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்று குரல் கொடுப்பான். மாடிக்குடி இறங்கி வரும் சத்தம் கேட்டால் கீழ்வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். கொரோனாவுக்கு முன் யாரும் கேள்விப்படாத ஆக்சிமீட்டர் வீட்டுக்கு வீடு வந்து எண் சொன்னது. 97 என்றால் சோறு இறங்கியது. 92 என்றால் ஆம்புலன்ஸுக்குப் போன் பறந்தது. அந்த மாதம் 21ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. இந்த மாநிலம் இரண்டாம் அலையில் தொட்ட உச்சம் அதுதான். அதற்கு முன்பே என் அண்ணன் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார்.

அந்த நாட்களிலும் விடிகாலையில் எழுந்து ஒரு தியானம் செய்துவந்தேன். அடுத்தவர் துன்பத்தை உள்மூச்சோடு வாங்கிக்கொள்ள வேண்டும், தன்னிடம் உள்ள நலத்தை வெளிமூச்சோடு கொடுத்துவிட வேண்டும். திபெத்தியர்கள் இதை டொங்லென் என்கிறார்கள். ஊரே மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திரிந்தபோது, முகம் தெரியாதவர்களின் மூச்சுத்திணறலை என் நெஞ்சுக்குள் வாங்குவதாக நினைத்து உட்கார்ந்திருந்தேன். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மன அமைதி என்ற ஒன்றுக்காக மட்டுமே தியானம் விற்கப்படும் காலம் இது. நான் கண்டது வேறு.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தில் பகல் வேலை. சாயங்காலம் அதே பேட்டையில் அண்ணன் நடத்திவந்த லேத் பட்டறையின் பில், டெலிவரி சலான், ஜிஎஸ்டி எல்லாம் என் பொறுப்பு. வண்டி உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் பட்டறை. திருமுல்லைவாயலில் மின்சார ரயில் ஏறி, அம்பத்தூர் தாண்டிப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்பேன். வெள்ளிக்கிழமை மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போவேன், வீட்டில் விளக்கேற்றுவேன். பௌத்தத்தில் நான் சேரவில்லை. இன்றும் விளக்கேற்றிவிட்டுத்தான் தியானத்துக்கு உட்காருகிறேன்.

கொரோனாவுக்குச் சில ஆண்டுகள் முன்பு அலுவலகத் தோழிகளோடு மைசூர், குடகு என்று கிளம்பினோம். ஹுன்சூர் தாண்டி குஷால்நகர் போகும் வழியில் பைலகுப்பே வருகிறது. எல்லோரும் பொற்கோயில் என்கிற நம்ட்ரோலிங் மடாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாங்கள் அதற்குச் சற்றுத் தள்ளியிருக்கும் செரா மடாலயத்துக்கும் போனோம். அங்கே ஒரு முற்றத்தில் இளம் துறவிகள் வாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் நின்று கேள்வி கேட்டு, கேள்வி முடியும் இடத்தில் காலை ஓங்கி வைத்துக் கையைத் தட்டுகிறார். பதில் தப்பினால் சுற்றி நிற்பவர்கள் விடுவதில்லை. தியானம் செய்கிற இடம் என்றால் சத்தமே இருக்காது என்று நினைத்துப் போன எனக்கு அந்த இரைச்சல் பிடித்துப்போனது.

ஓரமாக நின்றிருந்த வயதான துறவி ஒருவர் எந்த ஊர் என்று இந்தியில் கேட்டார். பட்டறைப் பையன்களிடம் பேசிப் பழகிய இந்தி எனக்கு உண்டு. சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி, காஞ்சிபுரம் போகிற பக்கம் என்றேன். காஞ்சி என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த முற்றத்தில் நடக்கும் வாதத்துக்கே ஆதி ஆசிரியர்களில் ஒருவர் காஞ்சிக்காரர் என்றார். திக்நாகரைச் சொன்னார். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுக்காரரான அந்தத் தருக்க அறிஞர் காஞ்சிக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்பதுதான் திபெத்திய வரலாற்றாசிரியர்கள் சொல்வது. அவருடைய பிரமாண சமுச்சயம் என்ற நூல் முழுமையாகத் தங்கியிருப்பது திபெத்திய மொழிபெயர்ப்பில். எங்கள் ஊர்ச் சாலையில் பிறந்த அறிவை இமயத்துக்கு அப்பால் காப்பாற்றி, நாடிழந்து வந்தபோது அதையும் சுமந்து வந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

அவர் தன் கதையையும் சொன்னார். 1959 மார்ச்சில் லாசாவில் கிளர்ச்சி எழுந்து, தலாய் லாமா மலை கடந்து இந்தியா வந்தார். பின்னாலேயே பல்லாயிரம் பேர் வந்தார்கள். இவர் அப்பாவின் முதுகில் வந்த குழந்தை. அவருடைய பெற்றோர் இமயமலையில் சாலை போடும் கூலிகளாக இருந்தார்கள். பிறகு மைசூர் அரசு பைலகுப்பேயில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் காட்டு நிலம் கொடுத்தபோது இங்கே வந்து கூடாரம் போட்டார்கள். குளிர்நாட்டு உடம்புகள் வெயிலில் காடு வெட்டின. யானைக்குப் பயந்து, காய்ச்சலில் செத்து, மக்காச்சோளம் விதைத்து மேலே வந்தார்கள். பிறகு எனக்கு டொங்லென் சொல்லிக்கொடுத்த அவர் நிம்மதியான இடத்திலிருந்து வந்தவரில்லை. வீடு, ஊர், நாடு மூன்றும் போனவர். அதனால்தான் அவர் சொன்னதை நம்பினேன்.

இந்தப் பயிற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. வங்காளத்தில் பிறந்த அதீசர் என்ற ஆசான் இதைத் தேடிக் கடல் கடந்து சுவர்ணத்தீவுக்கு, அதாவது சுமத்ராவுக்குப் போய்ப் பன்னிரண்டு ஆண்டு படித்தார் என்பது மரபு. நம் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் 1025இல் ஸ்ரீவிஜயத்தைத் தாக்குவதற்குச் சற்று முந்தைய காலம் அது. 1042இல் அதீசர் திபெத்துக்குப் போனார். அவர் வழியில் வந்த கேஷே செகாவா, பன்னிரண்டாம் நூற்றாண்டில், அதுவரை குருவிடமிருந்து சீடன் காதில் மட்டும் சென்ற இந்தப் போதனையை ஏழு பகுதிகளாக வகுத்துப் பலருக்கும் சொல்லித்தந்தார். அவர் அதைத் தொழுநோயாளிகளுக்குக் கற்பித்தார். ஊர் ஒதுக்கிவைத்த மனிதர்கள், பக்கத்தில் போனாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயந்த மனிதர்கள். அதனாலேயே இதற்குத் தொழுநோயாளிகளின் தர்மம் என்று ஒரு பெயர் வந்தது. முதல்முறை கேட்டபோது பழங்கதையாகக் கேட்டேன். 2021இல் அது எங்கள் தெருவின் கதை ஆனது.

செய்முறை எளிது. நிமிர்ந்து உட்கார்ந்து முதலில் மூச்சைக் கவனித்து மனத்தை நிலைக்கு வரவிட வேண்டும். பிறகு தன்னிடமிருந்தே தொடங்க வேண்டும். தன் பயம், தன் வலி, நாளைக்குத் தனக்கு வரப்போகும் துன்பம், எல்லாவற்றையும் கரும்புகையாக நினைத்து உள்ளிழுக்க வேண்டும். நெஞ்சுக்குள் நான், எனது என்று இறுகிக் கிடக்கும் முடிச்சில் அது போய் மோதி, முடிச்சும் கரைய வேண்டும், புகையும் கரைய வேண்டும். வெளிமூச்சில் வெளிச்சமாக நலம் போக வேண்டும். தனக்குப் பழகியபின் அம்மாவுக்கு, பிள்ளைக்கு. பிறகு முன்பின் தெரியாதவருக்கு. கடைசியில் நமக்குக் கெடுதல் செய்தவருக்கு. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்று அந்தத் துறவி கண்டிப்பாகச் சொன்னார். எடுத்த எடுப்பில் பகைவரை நினைத்து உட்கார்ந்தால் பொய்தான் வரும்.

"வேலையை விடாதே, குடும்பத்தை விடாதே. காலையில் கொஞ்சம் உட்கார். மீதியைப் பகல் முழுக்க நடுவில் நடுவில் வைத்துக்கொள்" என்றார். இந்த நடுவில் நடுவில்தான் எனக்கு வாழ்க்கை ஆயிற்று. செகாவாவின் ஏழு பகுதிகளில் பெரும்பங்கு, உட்கார்ந்து எழுந்தபின் எப்படி நடப்பது, பேசுவது, கோபப்படும் நேரத்தில் என்ன செய்வது என்பதுதான்.

காலை ரயிலில் லேடீஸ் பெட்டியில் இடம் கிடைக்காமல் நிற்கும்போது, ஜன்னலோரம் டிபன் பையைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் பெண்ணைப் பார்ப்பேன். ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவளோ, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சமைத்து வருகிறவளோ, ஒரு மூச்சு அவளுக்கு. பட்டரவாக்கத்தில் இறங்கும் கூட்டத்தில் காலை மிதித்துவிட்டுப் போகிறவருக்கு ஒரு மூச்சு. மாதக் கடைசியில் பேமென்ட்டை இழுத்தடிக்கும் ஒரு வாடிக்கை நிறுவனத்தின் பர்சேஸ் அதிகாரிக்குப் போன் போடுமுன் மூன்று மூச்சு. கோபம் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் குரல் ஏறுவதற்குமுன் ஓர் இடைவெளி கிடைத்தது, அந்த இடைவெளியில் எதிராளி சொல்வது காதில் விழுந்தது. அவருக்கு மேலே ஒருவர் அவரை நெருக்குகிறார் என்று தெரிந்துகொண்ட பிறகும் பணத்தைக் கேட்கத்தான் செய்தேன். கேட்ட விதம் மாறியது, பணமும் வந்தது.

அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். தேநீர் நேரத்தில் நான் கண்மூடி நின்றால் பையன்களை அதட்டிச் சத்தம் குறைக்கச் சொல்வார். அவருக்குத் தியானத்தில் ஈடுபாடில்லை. ஆனால் 2020 ஊரடங்கில் பட்டறை மூடிக் கிடந்தபோது, ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்திருந்த பையன்களுக்கு அரிசியும் அறை வாடகையும் கொடுத்தது அவர்தான். கோயம்பேடு சந்தையை மூடி, பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டிருந்தார்கள். அங்கேயே வண்டி ஓட்டிப்போய் மூட்டையாகக் காய்கறி வாங்கி வந்து அறைகளில் இறக்கிவிட்டு வருவார். நான் மூச்சில் பழகிக்கொண்டிருந்ததை அவர் கையால் செய்துகொண்டிருந்தார்.

2021 மே முதல் வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வீட்டிலேயே மாத்திரை, கஷாயம், ஆவி. 10ஆம் தேதி ஊரடங்கு வந்தது. அதற்கடுத்து ஒரு நாள் மாலை ஆக்சிமீட்டர் 88 காட்டியது. 104 உதவி எண்ணுக்கு அழைத்தோம். தெரிந்த தனியார் மருத்துவமனைகள் எல்லாம் படுக்கை இல்லை என்று கையை விரித்தன. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் மருந்துக்கு ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நிற்பதை டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். இரவு ஒரு ஆம்புலன்ஸ் கிடைத்தது. அண்ணி வீட்டில் பிள்ளைகளோடு இருக்க, நான் ஏறிக்கொண்டேன்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் வாசலில் எங்களுக்கு முன்னால் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே ஒரு படுக்கை காலியானால்தான் வெளியே ஒரு கதவு திறக்கும். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு சிலிண்டர், ஒரு நோயாளி, ஒரு சொந்தம். சைரனை நிறுத்திவிட்டு மேலே சுழலும் விளக்குகளை மட்டும் விட்டிருந்தார்கள். அண்ணன் மாஸ்க்கை விலக்கி ஒன்று கேட்டார்: "பாப்பா, பசங்களுக்குச் சம்பளம் போட்டுட்டியா?" போட்டுவிட்டேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அங்கே உட்கார்ந்து அந்தப் பயிற்சியைத் தொடங்கினேன். உள்மூச்சு வரவில்லை. வண்டிக்குள் இருந்த காற்றை இழுக்கவே உடம்பு மறுத்தது. முதலில் உன்னிடமிருந்து தொடங்கு என்ற வரிசை அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. என் பயத்தை எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒட்டிக்கொள்ளுமோ, என் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள், அண்ணன் போய்விட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்ற அத்தனை பயத்தையும் பேர் சொல்லி எடுத்தேன். பிறகு அண்ணனின் திணறல். அது பழகிய சுவாசம், சின்ன வயசில் ஒரே பாயில் கேட்டது. அப்புறம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற வண்டி. அதில் ஒரு கிழவி, கூட ஒரு இளம்பெண். அந்தப் பெண் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்காக மூச்சை வாங்கிய பிறகு உட்கார முடியவில்லை. இறங்கிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். பாட்டிக்கு எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். 74 என்றாள். எங்களுக்குப் பின்னால் வந்த வண்டி அது. வரிசைப்படி நாங்கள்தான் முதலில் போக வேண்டும். கைப்பையில் எப்போதும் கிடக்கும் பில் புத்தகத்தை எடுத்து, அதன் பின்பக்கத் தாளில் கோடு போட்டேன். வண்டி வண்டியாகப் போய், வயது, வந்த நேரம், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை உண்டா, சிலிண்டர் எவ்வளவு மிச்சம் என்று எழுதினேன். ஓட்டுநர் தம்பிகள் உதவினார்கள். கணக்கெழுதுகிறவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். வெளியே வந்த நர்ஸ் தங்கையிடம் தாளை நீட்டினேன். முழுப் பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்திருந்த அவள் படித்துப் பார்த்துவிட்டு, "யாருங்க இதை எழுதினது?" என்று கேட்டாள். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு வந்த நேரம் பார்க்காமல் அளவு குறைந்தவர்களை முதலில் கூப்பிட்டார்கள். பாட்டி எங்களுக்கு முன்னால் உள்ளே போனார். இன்னும் சிலரும் போனார்கள். விடிவதற்குள் அண்ணனுக்கும் படுக்கை கிடைத்தது.

ஒரு வாரத்துக்குப் பிறகு அண்ணன் இறந்துவிட்டார்.

முகம் பார்க்க முடியவில்லை. மூட்டைபோல் சுற்றிய உடம்பைத் தூரத்தில் நின்று பார்த்தோம். அண்ணியைப் பிடித்துக்கொள்ளக்கூட ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

அந்தத் தாளை எழுதாமல் இருந்திருந்தால் அண்ணன் கொஞ்சம் முன்னால் உள்ளே போயிருப்பாரே என்ற கேள்வி வராமல் இல்லை. சொந்தக்காரர் ஒருவர் நேராகவே கேட்டார். நுரையீரல் ஏற்கெனவே மிகவும் பழுதாகிவிட்டது, அந்தச் சில மணி நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்தாலும் நான் எழுதியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என் அண்ணனின் உயிர் எனக்கு எவ்வளவோ, அந்தப் பாட்டியின் உயிர் அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு. ஆண்டுக்கணக்கில் காலையில் உட்கார்ந்து பழகியது இந்த ஒன்றைத்தான். அது சோதிக்கப்படும் இரவு அப்படி வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்து வந்த வாரங்கள் வறண்டவை. உட்கார்ந்தால் புகையும் தெரியவில்லை, வெளிச்சமும் தெரியவில்லை. பைலகுப்பேயில் இருந்த துறவிக்குப் போன் செய்தேன். அங்கேயும் தொற்று புகுந்து மடாலய வாசல்களை அடைத்திருந்தார்கள். நான் அழுது முடிக்கும்வரை அவர் பேசவில்லை. பிறகு, "துக்கத்தைத் தள்ளாதே. இன்றைக்கு இந்த நாட்டில் அண்ணனைப் பறிகொடுத்த தங்கைகள் எத்தனை பேர்? அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்தத் துக்கத்தை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்து மூச்சு விடு" என்றார். நினைத்துப் பார்த்தேன். ஆவடியில், பூந்தமல்லியில், டெல்லியில், பாட்னாவில். துக்கத்தின் பாரம் குறையவில்லை. அதில் நான் தனியாக இல்லை என்பது மட்டும் தெரிந்தது. எழுந்து வேலைக்குப் போக அது போதுமாக இருந்தது.

அடுத்தவர் துன்பத்தை உள்ளே இழுத்தால் மனசு உடைந்து போகாதா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தைச் சேர்ந்த தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி குழுவினர் இதைச் சோதித்தார்கள். திபெத்திய பௌத்தத் துறவியான மத்தியூ ரிக்காரும் அந்த வேலையில் பங்கெடுத்தார். அடுத்தவர் வலியை அப்படியே உணர்வதற்கு மட்டும் பயிற்சி பெற்றவர்களுக்குச் சோர்வும் வேதனையும் கூடின. அவர்களே பிறகு கருணைப் பயிற்சி எடுத்தபோது நல்லுணர்வு திரும்பியது. மூளையில் வேறு பகுதிகள் வேலை செய்தன. என் அனுபவமும் இதுதான். உள்மூச்சோடு நின்றுவிட்டால் உடைந்துதான் போவோம். வெளிமூச்சு, அதாவது கொடுப்பது, அதே அளவு நடக்க வேண்டும். கொடுப்பது கற்பனையோடு நின்றாலும் போதாது என்று நான் சேர்த்துச் சொல்வேன்.

எங்களுக்குக் கொடுப்பதற்கு ஒரு பட்டறை இருந்தது. மெஷின் கடன், கரண்டு பில், எங்கள் கையை எதிர்பார்த்த பையன்கள். வித்துவிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணி ஒருநாள், "நான் வர்றேன், நீ கணக்கைப் பார்த்துக்கோ" என்றார். அதுவரை பட்டறை வாசலைத் தாண்டி உள்ளே வந்து நின்றதில்லை அவர். மூத்த டர்னர் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வெர்னியர் பிடித்து அளவு பார்க்கவும், தேறாத பீஸைத் தள்ளிவைக்கவும் அண்ணி கற்றுக்கொண்டார். ஷட்டரைத் தூக்குமுன் இரண்டு பேரும் ஒரு நிமிடம் நிற்போம். நான் மூச்சைக் கவனிப்பேன். அவர் முருகனைக் கும்பிடுவார். பிறகு மெயின் சுவிட்சைப் போடுவோம்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போக வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. வாய்க்கால்கள் குறுகிப்போன ஊரில் தண்ணீர் தன் வழியைத் தானே தேடிக்கொண்டது. தொழிற்பேட்டைக்குள் புகுந்தது. சிறு பட்டறைகள் எத்தனையோ மூழ்கின. எங்கள் பட்டறையிலும் மெஷின்களின் கால் மூழ்கி, மோட்டார்கள் சேறு குடித்தன. டெஸ்பாட்சுக்கு அடுக்கி வைத்திருந்த பீஸ்கள் துருப்பிடித்தன. வடிந்த பிறகு ஷட்டரைத் தூக்கியபோது அண்ணி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

துன்பம் வரும்போது அதையே பாதையாக்கிக்கொள் என்பது செகாவாவின் ஏழு பகுதிகளில் மூன்றாவது. சேற்றுக்குள் நின்று அதைச் செய்வது எப்படி? முதலில் எங்கள் இழப்பை மூச்சில் எடுத்தோம். அடுத்து பக்கத்துப் பட்டறை. பல வருடமாக எங்கள் ஆர்டர்களுக்குப் போட்டி போடுகிறவர் அவர். அவருடைய மோட்டார்களையும் எங்களுடையதோடு ஒரே வண்டியில் ஏற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்பினோம். அவர் டீசல் பம்பு கொண்டுவந்து எங்கள் குழியையும் இறைத்தார். தெரு முழுக்கச் சேர்ந்து வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி மனு எழுதினோம், நானே டைப் அடித்தேன். கருணைப் பயிற்சி செய்கிறவர்கள் எதையும் கேட்காமல் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்தவர் துன்பத்தின் காரணத்தைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்பதும் அந்த வெளிமூச்சில் சேர்ந்ததுதான்.

பட்டறை இன்று ஓடுகிறது. அண்ணனின் படத்துக்குக் கீழே அதே மெஷின்கள், புது வயரிங்கோடு. அண்ணி பேமென்ட் கேட்டுப் போன் பேசுகிறார். என்னைவிட நன்றாகவே கேட்கிறார்.

இந்தப் பயிற்சி எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்சிஜனை ஏற்றாது. காய்ச்சலைத் தணிக்காது. வீட்டில் யாருக்காவது மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். துக்கத்திலோ அதிர்ச்சியிலோ நிலைகுலைந்திருக்கிறவர்கள் தனியாக இதில் இறங்க வேண்டாம். தெரிந்த ஆசிரியர் ஒருவரின் துணையோடு, தன் வலியிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தொடங்க வேண்டும். மதம் மாற வேண்டியதில்லை, வேலையை விட வேண்டியதில்லை, மலைக்குப் போக வேண்டியதில்லை. நாடிழந்த ஒரு ஜனம் காடு வெட்டிக்கொண்டே காப்பாற்றி வைத்திருந்த பயிற்சி இது. வாடகை வீட்டிலும், நெரிசல் ரயிலிலும், பட்டறை வாசலிலும் செய்ய முடியும். செய்து பார்த்தவள் சொல்கிறேன்.

நாளைக் காலையில் உங்கள் வீட்டிலோ தெருவிலோ கஷ்டப்படும் ஒருவரை நினைத்து மூன்று மூச்சு விடுங்கள். பிறகு எழுந்துபோய் அவருக்கு வேண்டிய ஒன்றைச் செய்யுங்கள். மூச்சு பாதிதான். மறுபாதி கையில் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.